துண்டுக்குள் முடிந்த சமாதானம்

சண்டைக்குக் காரணம் ஒரு மாடு. நடு உழவில் படுத்துக்கொள்ளும் மாடு.

1929-ல் தேனிச் சந்தையில் என் பெரியப்பா ஒச்சாண்டி ஒரு செவலைக் காளையை வாங்கினார். விற்றவர் மாவடியூர் வீரணன். பார்க்க லட்சணமான காளை. சுழி சுத்தம், கொம்பு சுத்தம், பல் சுத்தம். வீட்டுக்கு ஓட்டி வந்து ஏரில் பூட்டினால் நாலு சால் ஒழுங்காக நடக்கும். ஐந்தாவது சாலில் ராஜா மாதிரி படுத்துவிடும். வாலை முறுக்கினாலும் எழாது. அசை போட்டுக்கொண்டு பெரியப்பாவையே பார்க்கும்.

அடுத்த சந்தையில் பெரியப்பா வீரணனைப் பிடித்துக் கேட்டார். "எனக்கு மாட்ட வித்தியா, மாப்பிள்ளைய வித்தியா?"

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு ஓடும்," என்றார் வீரணன்.

பேச்சு அவ்வளவுதான். பிறகு கம்புகள் பேசின.

பெரியப்பா எங்கள் ஊர் ஈச்சங்கரைக்குப் பெரியதனக்காரர்; ஊர் அவர் சொல்லுக்குக் கட்டுப்படும். மாவடியூருக்கு வீரணன் பெரியதனம். ஜெயமங்கலம் தாண்டி வராக நதி ஒரு வளைவு வளையும். அந்த இடத்தில் இக்கரையில் நாங்கள், அக்கரையில் அவர்கள். கோடையில் முழங்கால் நனையாமல் நடந்து போகலாம். சண்டைக்கு முன்னால் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். வீரணன் மாந்தோப்பில் கல்லாமை பழுத்தால் எங்கள் தெருவுக்கு வாசம் வரும். நானும் என் வயதுச் சிறுமிகளும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய், விழுந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்குவோம். வீரணன் பார்த்தால் சத்தம் போடுவார்.

"ஏ கழுதைகளா, கீழ கெடக்குறது புழுப் பிடிச்சதுடி. மேல இருக்கிறதப் பறிச்சுக்கிட்டுப் போங்க."

எத்தனை வருஷம் ஆனாலும் அந்தச் சத்தத்தை நினைத்தால் வாயில் கல்லாமையின் ருசி வந்துவிடுகிறது.

சந்தைச் சண்டையில் எங்கள் பக்கம் சின்னக்கருப்பு செத்து விழுந்தார். அதற்குப் பதிலாக அவர்கள் பக்கம் ஒருவர். பிறகு வீரணனின் சொந்தத் தம்பி கருத்தக்கண்ணன். எங்கள் களத்தில் ஆறு வைக்கோல் படப்புகள் எரிந்தன. அக்கரைக்குக் கட்டிக் கொடுத்த பெண்கள் தாய்வீட்டுக்கு வர முடியவில்லை. இக்கரையில் வாழ வந்தவர்கள் அம்மா செத்ததற்குக்கூடப் போக முடியாமல் ஆற்றங்கரையில் நின்று அழுதார்கள்.

1932 பங்குனியில் என் அண்ணன் நல்லகண்ணு காணாமல் போனார். பட்டப்பகலில்தான். உழவு முடித்து மாடுகளை ஆற்றில் குளிப்பாட்டப் போனார். சற்று நேரத்தில் மாடுகள் இரண்டும் ஈரம் சொட்டச் சொட்டத் தாமாகவே வந்து வாசலில் நின்றன. அண்ணன் வரவில்லை. அவருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் மதினி சங்கிலியம்மாள் சோறு வடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சோறு மறுநாள் புளித்தது. அப்போதும் அதைக் கொட்ட விடவில்லை.

மடு மடுவாகத் தேடினார்கள். ஒரு துணி கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் எங்கள் ஆட்கள் பொறுமை இழந்து, விடிவதற்குள் அக்கரைக்குப் போய், வீரணன் தோப்பில் காய்க்கிற மரங்களாகப் பார்த்து நாற்பத்தொன்றை வெட்டிச் சாய்த்தார்கள். காலையில் ஆற்றில் மாம்பிஞ்சுகள் மிதந்து போயின. யாரும் பொறுக்கவில்லை.

அதன் பிறகு பெரியப்பாவும் வீரணனும் அவரவர் கோயிலில் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். செத்தாலும் அவனோடு வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று.

சமாதானம் பேச ஆட்கள் வராமல் இல்லை. போலீஸ்காரர்கள் இரண்டு பேரிடமும் ஜாமீன் எழுதி வாங்கினார்கள். அது ஒரு மாதம் தாங்கியது. பெரியகுளத்திலிருந்து சுந்தர்ராஜ் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார். நல்ல மனிதர். ஸ்டாம்புக் காகிதத்தில் பதினான்கு ஷரத்துகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு ஊரும் தனித்தனியாக அத்தனைக்கும் தலையாட்டின. கடைசியில் யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் வந்து நின்றது.

"மொதல்ல போடுறவன் எறங்கிப் போனவன்னு ஆயிரும்," என்றார் பெரியப்பா. அக்கரையிலிருந்தும் அதே பதில்தான்.

குமாஸ்தா சளைக்கவில்லை. இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் இவர் முதலில், இன்னொன்றில் அவர் முதலில் என்றார். அப்படியானால் எந்தப் பிரதியை முதலில் எடுப்பது என்று கேட்டார்கள். அவர் பேனாவை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் அழகுமலை. தேனிச் சந்தையில் மாட்டுத் தரகர். அந்தப் படுக்கிற மாட்டை முடித்துக் கொடுத்தவரே அவர்தான்.

"நான் முடிச்ச யாவாரம் இது. இன்னும் முடியலையேனு அஞ்சு வருசமா எனக்குச் சோறு எறங்கல," என்று பெரியப்பாவிடம் சொன்னார். "நீங்க வாயத் தெறக்க வேணாம். சத்தியம் சத்தியமாவே இருக்கட்டும். துண்டுக்குள்ள கைய விட்டா போதும்."

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். வாங்குபவரும் விற்பவரும் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கைகளும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஏழு என்றால் ஐந்தைப் பிடித்து விட்டு இரண்டைப் பிடிக்க வேண்டும். வேண்டாம் என்றால் கையைத் தட்டிவிடுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் யார் எவ்வளவு கேட்டார், யார் எவ்வளவு இறங்கினார் என்று ஒருவருக்கும் தெரியாது. துண்டை எடுக்கும்போது முடிந்த கணக்கு மட்டும்தான் வெளியே வரும்.

யார் இறங்கினார் என்று தெரியாது. அந்த ஒன்றுக்காகத்தான் இரண்டு பேரும் சம்மதித்தார்கள் என்று எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

1934 ஆடியில், சந்தை இல்லாத ஒரு காலை நேரத்தில், தேனிச் சந்தையின் மாட்டுத் தாவணித் திடலில் இரண்டு ஊரும் கூடின. ஒரு புளிய மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து அழகுமலை நடுவில் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் பெரியப்பா. அந்தப் பக்கம் வீரணன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் நாங்கள் கட்டுச்சோற்றுப் பானைகளோடு சற்றுத் தள்ளி நின்றோம். எனக்கு அப்போது பதினைந்து வயது.

அழகுமலை புதுத்துண்டு ஒன்றை விரித்தார். இரண்டு கைகள் உள்ளே போயின. ஐந்து வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேரும் தொட்டுக்கொண்டது அப்போதுதான்.

"மாமரம்," என்றார் அழகுமலை.

துண்டு அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. வீரணனின் மீசை துடித்தது. பெரியப்பாவின் நெற்றியில் வேர்வை. வெகு நேரத்துக்குப் பிறகு அழகுமலை துண்டை எடுத்தார்.

"முடிஞ்சது. நாப்பத்தொரு ஒட்டுக்கன்னு. ஈச்சங்கர ஆளுக அவுக கையாலயே நட்டுத் தரணும்."

அடுத்தது வைக்கோல். ஆறு வண்டி வைக்கோல் மாவடியூரிலிருந்து வர வேண்டும். அது சீக்கிரம் முடிந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "அந்தப் படுக்குற மாட்டையும் திருப்பிக் குடுங்கப்பா" என்று சொல்ல, ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தன.

"ஆள்," என்றார் அழகுமலை.

சிரிப்பு அடங்கியது. கைகள் உள்ளே போனபின் துண்டு அசையவே இல்லை. அவர்களிடத்தில் செத்தவர் இரண்டு. எங்களிடத்தில் செத்தவர் சின்னக்கருப்பு ஒருவர். அண்ணனையும் சேர்த்தால்தான் இரண்டு. சேர்க்காவிட்டால் நாங்கள் ஒரு உயிர் பாக்கி. கடைசியில் துண்டு ஒரே ஒரு தடவை அசைந்தது.

"ரெண்டுக்கு ரெண்டு. கணக்கு நேராச்சு," என்றார் அழகுமலை. "இனிமே பழச யாரும் வாய் தெறந்து பேசக் கூடாது. பேசுனவுக வீட்டுக்கு ரெண்டு ஊரும் தண்ணி, நெருப்புக் குடுக்காது. சம்மதமா?"

"சம்மதம்" என்று இரண்டு பக்கமும் சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் மதினி பானையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனாள்.

"எங்க வீட்டுக்காரு செத்துட்டாருனு எனக்கு யாரு சொன்னா?"

பெரியப்பா பதறிப்போனார். "ஏத்தா, இது எடம் இல்ல. போ அங்கிட்டு."

"எண்ணுறதுக்கு எடம் இருக்கு, கேக்குறதுக்கு இல்லையா? ஒருத்தரும் ஒடம்பக் காட்டல. நான் தாலியோட இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் துண்டுக்குள்ள ஒரு விரலப் பிடிச்சு என்னைய அறுத்து விட்டுட்டீக."

மாவடியூர்ப் பக்கத்தில் சலசலப்பு. "அப்ப அந்த ஆளு உசுரோட இருக்கான்னு வையி. ரெண்டுக்கு ஒன்னுதான் ஆச்சு. ஒரு ஆளு பாக்கி," என்று ஒருவன் எழுந்தான். எங்கள் பக்கத்திலும் நாலு பேர் எழுந்தார்கள். எல்லாம் ஒரு நொடியில் பழையபடி ஆகிவிடும் போலிருந்தது.

மதினி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீரணனைப் பார்த்தாள். "வாய் தெறந்து பேசத்தான கூடாது? நானும் துண்டுக்குள்ள கைய விடுறேன்."

ஒரு பெண், வேற்று ஆணின் கையைப் பிடிப்பதா? பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் அம்மா ராக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீரணன் அழகுமலையிடம் மெல்லச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"எம் மக வயசுப் புள்ள. உக்காரச் சொல்லு."

மதினி உட்கார்ந்தாள். துண்டு விழுந்தது. அவள் என்ன பிடித்தாள் என்று யாருக்கும் தெரியாது. வீரணன் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. தம்பியை நினைத்து அழுகிறார் என்று அவர்கள் ஆட்கள் சொன்னார்கள். பிறகு துண்டு மூன்று தடவை அசைந்தது.

மதினி கையை எடுத்தாள். எழுந்து நின்று, "எண்ணிக்கிருங்க" என்றாள். அந்த வாரமே தாலியைக் கழற்றினாள்.

அந்த மழைக்காலத்தைப் போல இன்னொன்று என் வாழ்க்கையில் வந்ததில்லை. ஆற்றுப் பாதையில் புல் முளைத்துப் போயிருந்தது. மறுபடி நடந்து நடந்து பாதை தேய்ந்தது. ஐந்து வருஷம் பார்க்காத அக்காள் தங்கைகள் ஆற்று நடுவில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்பத்தொரு கன்றுகளையும் வண்டியில் ஏற்றி, ஆட்டம் பாட்டமாக அக்கரைக்குக் கொண்டுபோனோம். வெட்டுப்பட்ட அடிமரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அதனதன் பக்கத்தில் குழி எடுக்க வேண்டும்.

மதினி ஒரு கன்றை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டே போனாள். ஓர் அடிமரத்தின் பக்கத்தில் நின்றாள். எங்கள் ஆள் ஒருவர் கடப்பாரையோடு வந்தார்.

"வேணாம்ணே. இத நான் நட்டுக்கிறேன்."

"கைய வச்சா தோண்டுவ?"

"ஆமா, கையாலதான்."

கையாலேயே ஒரு முழக் குழி எடுத்து நட்டாள். வீரணன் தோப்பின் கோடியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. பெரியவர்களுக்கு ஆயிரம் இருக்கும் என்று மற்றவர்களோடு கன்று நடப் போய்விட்டேன்.

சமாதானம் பலமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வருஷம் கழித்து என்னை வீரணன் மகன் சுருளிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பெரியப்பாவும் வீரணனும் சம்பந்திகள் ஆனார்கள். அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. சத்தியம் சத்தியம்தான். விருந்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "ஒங்க மாமனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊத்தச் சொல்லுத்தா" என்று என் மூலமாகத்தான் உபசாரம். ஒரு தடவை பெரியப்பா, "உப்புக் கம்மினு சொல்லு" என்றார். வீரணன், "அவுக ஊட்டு உப்புதான்னு சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மதினிக்கு எங்கள் வழக்கப்படி அறுத்துக் கட்டலாம், மறுகல்யாணம் உண்டு. பெண் கேட்டும் வந்தார்கள். அவள் போகவில்லை. ஈச்சங்கரையில் என் அம்மாவோடேயே இருந்துவிட்டாள். ஆனால் சித்திரை பிறந்தால் என்னைப் பார்க்க மாவடியூருக்கு வந்துவிடுவாள். பத்து நாள் இருப்பாள். வேலை முடிந்தால் தோப்புக்குத்தான் போவாள். அவள் நட்ட மரம் நன்றாக வந்திருந்தது. நாலு வருஷத்தில் காய்த்தது. அதன் முதல் பழங்களை வீரணன் மாமா தன் கையால் பறித்துக் கூடையில் அடுக்கி ஈச்சங்கரைக்குக் கொடுத்தனுப்புவார். நட்டவளுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்தேன்.

அந்த மரத்தில்தான் என் மூத்த மகளுக்குத் தொட்டில் கட்டினேன். உலகச் சண்டையின் போது பெட்ரோல் இல்லாமல் பஸ் எல்லாம் கரிவாயுவில் இருமிக்கொண்டு ஓடிய வருஷங்களில், களையெடுப்புக்குப் போனால் பிள்ளையை அந்த நிழலில்தான் தூங்க வைப்பேன். மதினி வந்திருந்தால் அவள்தான் ஆட்டுவாள். "மாமன் மடியில தூங்குடி" என்று ஒரு பாட்டுப் பாடுவாள். அவளே கட்டியது.

1947-ல் என் வீட்டுக்காரருக்கு ஆயில் இன்ஜின் ஆசை வந்தது. தோப்பில் கிணறு வெட்ட வேண்டும். நீரோட்டம் பார்க்கிறவர் வேப்பங்கவட்டையைப் பிடித்துக்கொண்டு தோப்பு முழுக்க நடந்து, மதினி நட்ட மரத்தடியில் நின்றார். கவட்டை அங்கேதான் சுற்றியதாம். மரத்தை எடுத்துவிட்டுத் தோண்டினால் முப்பது அடியில் தண்ணீர்.

"நாளைக்கு மரத்துல கோடாலி வைக்கணும்," என்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது சொன்னார். மாமா அடுத்த அறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கண் மங்கிப் போய், அதிகம் எழுந்து நடப்பதில்லை. கிணறு என்பது அவர் காதில் விழுந்திருக்கும். எந்த இடம் என்று விழவில்லை.

எங்கள் வண்டிக்காரர் சொல்லி ஈச்சங்கரைக்குச் சேதி போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் மதினி வந்து நின்றாள். இடுப்பு வரை ஈரம். ஆற்றில் தண்ணீர் அதிகம். வண்டிப்பாதையைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. என் கையைப் பிடித்துத் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எண்ணுடி," என்றாள். "வீட்டுப் பக்கமிருந்து வரிசைய எண்ணு."

எண்ணினேன். மூன்று.

"ஆத்துப் பக்கமிருந்து மரத்த எண்ணு."

ஏழாவது.

"அன்னைக்குத் துண்டுக்குள்ள நான் ஒரு விரலப் பிடிச்சேன். அந்த ஒன்னு எங்கனனு கேக்குறதுக்கு எனக்கு வேற பாஷ தெரியல. விடாமப் பிடிச்சேன். ஒங்க மாமா மூணு விரலப் பிடிச்சாக. அப்பறம் அஞ்சு, அப்பறம் ரெண்டு. மூணு, ஏழு. செத்துட்டாருனு மட்டும் வெளங்குச்சு. மூணு ஏழுனா என்னானு கன்னு நடுற அன்னைக்குத்தான் வெளங்குச்சு."

நான் நின்ற இடத்தைப் பார்த்தேன். தொட்டில் கட்டிய கிளையைப் பார்த்தேன்.

"மரத்த வெட்ட வந்த அன்னைக்கு நம்மாளுக அவரு மேலயே நின்னுதான் வெட்டியிருக்காக," என்றாள் மதினி. "ஒங்க ஆத்தா வருசா வருசம் பழத்தத் தின்னுட்டு, என்னா இனிப்பு, என்னா இனிப்புங்கிறாக. நான் என்னத்தச் சொல்ல?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ இந்த வீட்டுல எப்படிச் சோறு போடுவ? பெரியப்பனுக்குத் தெரிஞ்சா சும்மா இருப்பாரா? எனக்கு எடம் தெரிஞ்சிருச்சு. அது போதும்னு இருந்துட்டேன். இப்பத் தோண்டுனா எல்லாம் வெளிய வந்துரும், சந்தனம்," என்று என் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாள்.

"யாரு செஞ்சான்னு கேட்டியா?"

மதினி மரத்தில் கையை வைத்தாள். "அதுக்குத் துண்டுக்குள்ள விரல் இல்லடி."

வீட்டுப் பக்கமிருந்து கோடாலியைத் தீட்டும் சத்தம் கேட்டது. நான் ஓடினேன். என் வீட்டுக்காரரிடம் காரணம் சொல்ல முடியாது. சொன்னால் பழசைப் பேசியதாகும். பேசாவிட்டால் மண் பேசும்.

நேராக மாமாவின் கட்டிலுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். மருமகள் மாமனார் கட்டிலில் உட்கார்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. நான் உட்கார்ந்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கையின் மேல் போட்டு, என் கையை உள்ளே விட்டேன்.

"என்னத்தா?" என்றார். மங்கிய கண் என் முகத்தைத் தேடியது.

பதினோரு வருஷமாக அவருக்குச் சோறு போட்ட கை. அவர் விரல்களை நான் தொடுவது அதுதான் முதல் தடவை. மூன்று விரலைப் பிடித்தேன். விட்டேன். ஐந்தையும் பிடித்தேன். விட்டேன். இரண்டைப் பிடித்தேன்.

மாமா வாசல் பக்கம் திரும்பி, "ஏலே சுருளி" என்று கூப்பிட்டார். கட்டிலில் விழுந்த நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்ததில்லை. "எங்கன கெணறு வெட்டப் போற?"

"சங்கிலியக்கா நட்ட மரத்துக்கிட்ட, அப்பா."

"அங்கன வேணாம். தோப்புக்கு மேற்க வெட்டு. தண்ணி வரலைனா வரலைனு போகட்டும். நான் இருந்தாலும், போனாலும் அந்த மரத்துல இரும்பு படக் கூடாது."

"ஏம்ப்பா?"

"சொன்னாச் செய்யி."

என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். கோடாலி தீட்டும் சத்தம் நின்றது. மாமா என் கையை விடவில்லை. துண்டுக்குள் அவர் விரல்கள் என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, எதையோ தேடி, ஒரு விரலில் வந்து நின்றன. இன்னும் அவர் அழுத்தவில்லை. அழுத்தினால், அண்ணனைக் கொன்றது இந்த வீட்டு ஆண்களில் எத்தனையாவது ஆள் என்ற எண் வந்துவிடும். அது மாமாதானா, அவர் தம்பி மகனா, வீட்டில் இன்னொருவரா, நான் தினமும் யாருக்குப் பரிமாறுகிறேனோ அவரா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அடுக்களையில் என் மகள் தம்பியை மிரட்டிச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே மதினி ஈரச் சேலையோடு நின்றுகொண்டிருந்தாள்.

நான் கையை வெளியே எடுத்துவிட்டேன்.

துண்டை மடித்து அவர் தோளில் போட்டேன். "கஞ்சி கொண்டாரவா மாமா?" என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மேற்கே வெட்டிய கிணற்றில் எழுபது அடிக்கு மேல்தான் தண்ணீர் வந்தது. என் வீட்டுக்காரர் கடைசி வரை அதைச் சொல்லிச் சொல்லிக் குறைபட்டார். அடுத்த சித்திரையில் மாமாவுக்குப் பறிக்க முடியவில்லை. நான் ஏறிப் பறித்துக் கூடையில் அடுக்கி ஈச்சங்கரைக்குக் கொடுத்தனுப்பினேன்.